இரும்பு மாத்திரையை கிரீன் டீயோடு விழுங்காதீர்கள்

கொடைக்கானலின் மேல்மலை, கீழ்மலை ஊர்களிலிருந்து என்னிடம் வரும் பெண்களில் பலர் ஒரே குறையோடு வருகிறார்கள். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, நகம் வெளுத்துக் குழிந்திருக்கிறது. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் ஏழுக்குப் பக்கத்தில் நிற்கிறது. "மாத்திரை போடுறியாம்மா?" என்று கேட்டால், "தவறாம போடுறேன் டாக்டர், காலையில கிரீன் டீயோட" என்று பதில் வருகிறது. மாதக்கணக்கில் போட்ட மாத்திரையில் ஒரு பகுதி வீண். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. இருக்கிற கொஞ்சம் இரும்பையும் இப்படி இழக்கலாமா?

தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. கீரை, பயறு தின்பவர்களுக்கு நட்டம் இன்னும் அதிகம். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். மாத்திரை என்றால் இரண்டு மணி நேரம்.

காதில் விழும் கதைகள்

"கிரீன் டீ குடித்தால் தொப்பை கரையும்." 2012இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, எடை குறைவது மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத்தக்கதல்ல என்றது. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயில் ஓட்டினால் மயக்கம்தான் மிச்சம்.

"கொதிக்கக் கொதிக்கச் சத்து இறங்கும்." கசப்புதான் இறங்கும். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பச்சைத் தேயிலைக்கு அதுவும் அதிகம். அடுப்பை அணைத்துச் சில நிமிடம் ஆறவிட்டு, 70-80 டிகிரியில் இலையைப் போட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். குளிருக்கு நாக்கு பொசுங்கக் குடிப்பதையும் விடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது.

"இலையைவிட கேப்சூல் வீரியம்." இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அடர்த்தியாக்கிய கிரீன் டீச் சாறு கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. யாரைக் கேட்டு வாங்கி விழுங்குகிறீர்கள்?

"சர்க்கரை நோய்க்கு கிரீன் டீயே போதும்." போதாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கால் புண்ணோடு வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

வாணலியில் வறுக்கும் டீ

கிரீன் டீக்கு மாற்றாக எதையாவது ரசித்துக் குடிக்க வேண்டுமா? ஜப்பானியர் கோடையில் குளிரவைத்துக் குடிக்கும் முகிச்சா, வறுத்த பார்லியில் போடுவது. தேயிலையே கிடையாது, கஃபீனும் இல்லை. பார்லியை இரும்பு வாணலியில் சிறுதீயில், காப்பிக்கொட்டை நிறம் வந்து மணம் எழும்வரை வறுத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் போதும். சர்க்கரை வேண்டாம். கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் பார்லியையும் தவிர்க்க வேண்டும். பச்சைத் தேயிலையோடு வறுத்த அரிசி சேர்ந்தது கென்மைச்சா, தேயிலையையே வறுத்தது ஹோஜிச்சா. இரண்டிலும் தேயிலை உண்டு, மாத்திரை இடைவெளியும் கட்டாயம்.

பரிசோதனை

மூச்சு வாங்கினாலோ நகம் வெளுத்தாலோ ஹீமோகுளோபினும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். கேப்சூல் விழுங்கியவர்கள், தேவைப்பட்டால் கல்லீரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

கர்ப்பிணிகளே, இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், டாக்டரிடம் சொல்லாமல் கிரீன் டீயைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ கிரீன் டீக் கேப்சூலை அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.