நூலும் தண்டவாளமும் கட்டிய ஊர்

மும்பைக்கு வேலையாகப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: அறை எடுக்கும்போது வாடகையைப் பார்ப்பதற்கு முன்னால் ரயில் பாதையைப் பாருங்கள். மேற்கே அரபிக்கடல், கிழக்கே துறைமுகம். அகலத்தில் விரிய இடமில்லாத அந்த ஊர் தண்டவாளத்தை ஒட்டி வடக்கே நீண்டுகொண்டே போனது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானேவுக்கு ஓடியதும் இங்கேதான்.

நான் கரூர்க்காரி. மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் நெய்து ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் விற்பனையைக் கவனிக்கிறேன். சாம்பிள் பையோடு மும்பை போனால் தாதரில்தான் தங்குவேன். மேற்கு ரயில் பாதையும் மத்திய ரயில் பாதையும் சந்திக்கும் நிலையம் அது. பையர் ஆபீஸ் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே ரயிலில் போய்விடலாம்.

லோக்கல் ரயிலில் ஏறும் முன் அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். 'எஸ்' என்றால் ஸ்லோ, எல்லா நிலையத்திலும் நிற்கும். 'எஃப்' என்றால் ஃபாஸ்ட், பல நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். காலையில் தெற்கே போகும் வண்டிகளிலும், மாலையில் வடக்கே திரும்பும் வண்டிகளிலும் நெரிசல் மிக அதிகம். அதனால் சந்திப்புகளைப் பதினொரு மணிக்குமேல் வைத்துக்கொள்கிறேன். பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் உண்டு. உட்கார்ந்திருப்பவரிடம் "எங்கே இறங்குவீங்க?" என்று முன்பே கேட்டு, நிற்பவர்கள் இடம் பேசி வைத்துக்கொள்வார்கள். இறங்க வேண்டிய நிலையம் வருவதற்கு முன்பே வாசல் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். ஞாயிறன்று பராமரிப்புக்காகச் சில தடங்களை மணிக்கணக்கில் நிறுத்துவார்கள். அதற்கு மெகா பிளாக் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுகிறவர்கள் அதை விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

மரீன் லைன்ஸில் இறங்கி நடந்தால் காலபாதேவி. அங்கே மூல்ஜி ஜேத்தா மார்க்கெட் என்னும் மொத்தத் துணிச் சந்தை இருக்கிறது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் வியாபாரிகள் உட்கார்ந்திருக்க, எதிரே சுருள் சுருளாகத் துணி அவிழும். விரல் நுனியில் தடவிப் பார்த்தே நூலின் தரத்தைச் சொல்லும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு வரும் எந்தப் பிள்ளையும் பார்க்க வேண்டிய இடம் அது.

வேலை முடிந்த மதியங்களில் நான் போவது பழைய பஞ்சாலைப் பகுதியான லோயர் பரேலுக்கு. தார்தேவில் 1854இல் காவஸ்ஜி தாவர் தொடங்கிய ஆலையோடு மும்பையின் பஞ்சாலைக் காலம் ஆரம்பித்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, இங்கிலாந்துக்குப் பருத்தி வருவது நின்றபோது, இந்தியப் பருத்தி இந்தத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. அந்தப் பணம் ஊரை வளர்த்தது. பரேல், லால்பாக் பகுதிகளில் ஆலைகள் நெருங்கி எழுந்தன. அந்த வட்டாரத்தையே மராத்தியில் கிரண்காவ், அதாவது ஆலையூர் என்பார்கள்.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் நீண்ட அந்தப் போராட்டத்துக்குப் பிறகு பல ஆலைகள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1991இல் விதிகள் மாறியதும் ஆலை நிலங்கள் கட்டடங்களாகின. ஃபீனிக்ஸ் மில் இன்று பெரிய வணிக வளாகம். கமலா மில் வளாகத்தில் அலுவலகங்களும் உணவகங்களும். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் புகைபோக்கியைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தறிக்கூடங்கள் நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தொழில் என்றைக்கும் ஓடும் என்று யாரும் மெத்தனமாக இருந்துவிடக் கூடாது.

ஓய்வு நாள் கிடைத்தால் கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறையிலிருந்து எலிஃபண்டா தீவு. சுமார் ஒரு மணி நேரப் பயணம். பாறையில் குடைந்த சதாசிவரின் மூன்று முகங்களுக்கு முன்னால் நேரம் போவதே தெரியாது. திங்கட்கிழமை குகை மூடியிருக்கும். சாயங்காலம் மாட்டுங்காவில் ரசவடையும் ஃபில்டர் காபியும். மத்திய பாதையில் இருக்கும் மாட்டுங்கா நிலையத்தை 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்துகிறார்கள். மேற்குப் பாதையில் உள்ள மாட்டுங்கா ரோடு வேறு நிலையம், மாற்றி இறங்கிவிடாதீர்கள்.

நகை வேலை செய்பவருக்கு அங்கே ஜவேரி பஜார் உண்டு, தோல் தொழிலில் இருப்பவருக்கு தாராவி, சினிமாக்காரருக்கு கோரேகாவ். வேலைக்கென்று போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை அரை நாள் தள்ளிப் போட்டு, தங்கள் தொழில் அந்த ஊரில் எப்படி வளர்ந்தது, எங்கே தேய்ந்தது என்று நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை மும்பைக்கு அழைத்துப் போகும்போது, பையர் ஆபீஸுக்குப் போகும் முன் பரேலுக்குத்தான் கூட்டிப் போகிறேன்.