மைதானத்திலும் செல்லும் ராகிங் தடைச் சட்டம்

கல்லூரி அணியில் புதிதாகச் சேரும் மாணவரை மூத்த வீரர்கள் இழிவுபடுத்துவதற்கு ‘அணி மரபு’ என்று பெயர் சூட்டப்படுகிறது. மூத்தவர்களின் துணியைத் துவைப்பது, நள்ளிரவில் தண்டால் எடுப்பது எனத் தொடங்கும் இது, வகுப்பறை ராகிங்கைவிட ஒரு வகையில் கடுமையானது. அணியில் யார் ஆடுவது என்பதில் அணித்தலைவரின் சொல்லுக்கும் பயிற்சியாளரின் சொல்லுக்கும் எடை உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்ற மாணவர், புகார் அளித்தால் படிப்பே பறிபோகும் என்று அஞ்சுகிறார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் தலித் மாணவருக்கு அவ்வச்சம் இன்னும் பெரிது. அவருடைய மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது.

மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கல்வி நிறுவனத்துக்கு வெளியே நிகழும் ராகிங்கையும் அது தடைசெய்கிறது. 2 ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். புகார் மீது நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், விளையாட்டு மைதானத்தையும் மாணவர் பயணம் செய்யும் வாகனங்களையும் வெளிப்படையாகவே சுட்டுகின்றன. எனவே போட்டிக்குச் செல்லும் பேருந்தில் நடப்பதற்கும் கல்லூரி பொறுப்பேற்க வேண்டும். சாதியின் பெயரால் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்கே என 2016ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்தியது.

பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர் இவற்றைத் தலித் மாணவர் மீது இழைத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தலாம். இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்கும் 3(1)(எஸ்) பிரிவுக்கு, அது பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும். பூட்டிய விடுதி அறையில் நடந்தது என்று சொல்லி எதிர்த்தரப்பு தப்ப முயல்வது இதனால்தான். ஆனால் உண்ணத்தகாததை வாயில் திணிப்பது (3(1)(ஏ)), ஆடையைக் களைவது, மீசையை மழிப்பது, முகத்தில் சாயம் பூசுவது (3(1)(இ)) ஆகியவற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை. புகாரில் வசைச்சொற்களை மட்டும் எழுதி, செயல்களை விட்டுவிடக் கூடாது. இடம், நேரம், உடனிருந்தோர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வாட்ஸ்அப் பதிவுகளையும் காணொளிகளையும் அழியாமல் காக்க வேண்டும்.

தண்டனையைவிடத் தடுப்பே முதன்மையானது. அதற்காகக் கல்லூரிகளிடம் நாம் கோர வேண்டியவை நான்கு. வீரர் தேர்வின் அளவுகோல்கள் எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். தேர்வில் அணித்தலைவருக்குப் பங்கு இருக்கக் கூடாது. ராகிங் தடுப்புப் படை விளையாட்டு விடுதியிலும் முன்னறிவிப்பின்றிச் சோதனையிட வேண்டும். புகார் பெறுபவர் உடற்கல்வித் துறைக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும்.

கல்லூரியை நம்ப இயலாதவர்கள் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். குற்றத்துக்கு முகாந்திரம் இருந்தால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கைக்கு நடவடிக்கை எடுப்பது கல்லூரித் தலைவரின் கடமை. ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று அழைக்கும் நிர்வாகத்திடம், அக்கடமையை எழுத்து மூலம் நினைவூட்டுவோம்.