மின்கலத் திருப்புளி

மின்கலத் திருப்புளி என்பது மின்கம்பி இணைப்பின்றி, தன்னுள் அமைந்த மீள்மின்னேற்று மின்கலத்தின் ஆற்றலால் திருகாணிகளை முடுக்கவும் கழற்றவும் உதவும் சிறு கைக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது "பேட்டரி ஸ்க்ரூடிரைவர்" எனப்படுகிறது. ஒரு கைக்குள் அடங்கும் இக்கருவி பெரும்பாலும் 3.6 வோல்ட்டில் இயங்கும். துளையிடும் எந்திரத்தின் சிறு வடிவம் என்று எண்ணி இதனை வாங்குவோர் ஏமாற்றம் அடைவர். இது கைத்திருப்புளிக்குத் துணை மட்டுமே.

வரலாறு

அமெரிக்க நிறுவனமான பிளாக் அண்ட் டெக்கர் 1961-இல் மின்கலத்தால் இயங்கும் துளையிடு கருவியை வெளியிட்டது. அதில் நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் இருந்தன. அவ்வகைக் கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட் என்பதால், சிறு திருப்புளிகளில் மூன்று கலங்கள் தொடராக இணைக்கப்பட்டன. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இவை மின்னேற்றத்தை விரைவில் இழக்கும். ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் தேவைப்படும் ஒரு கருவிக்கு இது பெருங்குறை. எடுக்கும் பொழுதெல்லாம் அது செத்துக் கிடக்கும்.

செருமனியின் பாஷ் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட இக்சோ என்னும் திருப்புளி இலித்தியம்-அயனி மின்கலத்தைக் கொண்டிருந்தது. இவ்வகைக் கலம் ஒன்றே 3.6 வோல்ட் தரும். மாதக்கணக்கில் மின்னேற்றத்தைத் தக்கவைக்கும். வீட்டு இழுப்பறையில் கிடக்கும் கருவியாக மின்கலத் திருப்புளி நிலைபெற்றதற்கு இதுவே காரணம் எனலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கம்பியில்லாக் கருவிகளுக்கான நிக்கல்-காட்மியம் மின்கலங்களுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு 2016 இறுதியுடன் முடிந்தது.

செயற்பாடு

உள்ளிருக்கும் சிறு மின்னோடி மிக வேகமாகச் சுழலும். கோள்வகைப் பல்சக்கரத் தொகுதி அவ்வேகத்தை நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்றுகளாகக் குறைத்து, அதற்கேற்ப முறுக்கு விசையைப் பெருக்குகிறது. இவ்வாறு கிடைப்பது பெரும்பாலும் 3 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரையே. முனைகள் 6.35 மி.மீ. அறுகோண அடியுடையவை, எனவே வேறு நிறுவனத்தின் முனைகளும் பொருந்தும். பல கருவிகளில் விசையை அழுத்தாதபோது சுழல்தண்டு பூட்டிக்கொள்ளும். அந்நிலையில் அதனைச் சாதாரணத் திருப்புளி போலக் கையால் திருகலாம். விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத இவ்வசதியே நடைமுறையில் மிகவும் பயன்படுகிறது.

பயன்பாட்டு அனுபவம்

நீளமான திருகாணிகளைப் பல சுற்றுகள் சுழற்றும் சலிப்பான வேலையை இக்கருவி எளிதாக்குகிறது. பெட்டியில் பிரித்து வரும் அலமாரியைப் பூட்டுவதற்கு இது மிகவும் ஏற்றது. தொடங்குவதும் முடிப்பதும் வேறு. குற்றாலம், தென்காசி, வாசுதேவநல்லூர்ப் பகுதிகளில் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் வீசும் மாதங்களில் மரம் ஈரத்தால் உப்பும். இரும்புத் திருகாணிகள் துருவேறி மரத்தைப் பற்றிக்கொள்ளும். பழைய கதவுக் கீலில் இறுகிய அத்தகைய திருகாணியை இக்கருவியால் அசைக்க இயலாது. வலிந்து அழுத்தினால் முனை வழுக்கி, "ஸ்டார்" தலை மழுங்கிவிடும். பின்னர் எந்தத் திருப்புளியும் அதில் பிடிக்காது. எனவே முதல் அரைச்சுற்றைக் கையால் இளக்கிவிட்டு, மீதியைக் கருவியிடம் விடுதல் வேண்டும்.

தேக்கு போன்ற மரங்களில் வழித்துளை இடாமல் முடுக்கினால் கருவி பாதியில் நின்றுவிடும். பித்தளைத் திருகாணியாயின் தலை முறியவும் கூடும். முதலில் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை ஏற்றி இறக்கி, மெழுகு தடவிய பித்தளைத் திருகாணியை இறுதியில் கையால் முடுக்குவது தச்சர்களின் பழைய முறை. சவர்க்காரமும் தடவப்படுவதுண்டு, அது ஈரத்தை ஈர்ப்பதால் மெழுகே மேல்.

மின்பலகை வேலை

சுவிட்சுப் பலகைகளின் நெகிழி மூடியை முடுக்கும்போது, விசையை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலும் மூடி விரிசல் விடும். அதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. கருவியின் உடல் நெகிழியாக இருப்பதால் அது மின்காப்புடையது என்று பலர் கருதுகின்றனர். இது தவறு. முனையும் அதனைப் பற்றும் தலையும் வெறும் உலோகம். 1000 வோல்ட் குறியிட்ட காப்புத் திருப்புளிக்கு இது ஈடாகாது. மெயின் சுவிட்சை அணைப்பதும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் தானாக இயங்கத் தொடங்கி, விளக்கு, விசிறி இணைப்புகளில் 230 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தும். ஆகவே இரண்டையும் அணைத்து, டெஸ்டரால் சோதித்த பின்னரே பலகையைத் திறத்தல் வேண்டும். டெஸ்டரையும் முதலில் மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மின்கலப் பராமரிப்பு

இலித்தியம்-அயனி மின்கலம் முழு மின்னேற்றத்துடன் வெப்பத்தில் கிடந்தால் விரைவில் மூப்படையும். கோடையில் வண்டிப் பெட்டிக்குள் இதனை விட்டுவைத்தல் கூடாது. நெடுநாள் வைப்பதாயின் பாதியளவு மின்னேற்றமே போதுமானது. சிறு கருவிகள் பலவற்றில் மின்கலம் உள்ளே பொதியப்பட்டிருப்பதால் பயனர் தாமே மாற்ற இயலாது. கலம் பழுதானால் கருவியும் குப்பைக்குச் செல்கிறது. பயன்முடிந்த மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பை, இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன.