வாக்குப் போட்டபின் நமது வேலை என்ன?

"ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டும் நடக்காது, பாதர்." தேர்தல் முடிந்ததும் கல்லடியில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் நியாயமும் உண்டு. 2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் ஈராண்டுகளுக்கு மேல் மட்டக்களப்பு மாநகர சபையில் நாம் தெரிவுசெய்த உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.

ஆனால் சலிப்பு மட்டும் எதையும் மாற்றாது. அது ஒரு கேள்வியாக வேண்டும். அக்கேள்வியை ஊர் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும்.

இந்தியாவின் ராஜஸ்தானில் ஏழைக் கூலியாட்களும் விவசாயிகளும் 1990 மே 1ஆம் திகதி 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற அமைப்பைத் தொடங்கினர். அரசாங்க வேலைகளில் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டபோது, அவர்கள் கட்சிகளிடம் ஓடவில்லை. வேலைப் பதிவேட்டைக் காட்டும்படி கேட்டனர். 1994 முதல் ஊர் நடுவே அப்பதிவேடுகள் உரத்து வாசிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 2005இல் இந்தியாவில் தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு இப்போராட்டம் பெரிதும் உதவியது.

நமது நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. சங்கங்கள் அதைப் பயன்படுத்தும் வழி இதோ:

1. ஒரு பிரச்சினையை மட்டும் எடுங்கள். ஒரு வடிகான், ஒரு வீதி போதும்.

2. அதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று உரிய அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

3. கிடைத்த பதிலைக் கூட்டத்தில் வாசியுங்கள். பின்பு எல்லோரும் போய் அந்த வடிகானை அளந்து பாருங்கள்.

4. எல்லாக் கட்சியினரையும் அழையுங்கள். தலைமைக் கதிரையை மட்டும் எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சிறு வேலைகளின் ஒப்பந்தம் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கிடைப்பதுண்டு. ஆகவே, முதலில் நமது சங்கத்தின் கணக்கை ஊர் முன்னிலையில் வாசிப்போம். அதன்பின் மாநகர சபையிடம் கணக்குக் கேட்க நமக்குத் தயக்கம் இராது.