ஆக்கவுரிமைக் கந்தோரில் ஒரு பொறியியலாளர்

பரீட்சை நெருங்கும் காலத்திற் பழைய வினாத்தாள்களைப் பிரதியெடுப்பதற்காக மாணவர்கள் கடைவாயிலில் நிற்பதை நாம் காண்கின்றோம். அந்தப் பொறியை உலகுக்குத் தந்தவர், எழுதியெழுதிக் கை சலித்த ஒருவர் என்பதை அவர்களுட் பலர் அறியார். அவர் பெயர் செஸ்டர் கார்ல்சன்.

1906இல் அமெரிக்காவிலுள்ள சியாற்றில் நகரில், நாவிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையார் சயரோகத்தாலும் மூட்டுவாதத்தாலும் நலிந்துவிட, பள்ளிப் பருவத்திலேயே குடும்பப் பாரம் மகன் தலையில் விழுந்தது. பதினேழு வயதில் தாயாரையும் இழந்தார். 1930இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்திற் பௌதிகப் பட்டம் பெற்றபோது அவருக்கு எஞ்சியது கடன்தான். வேலை கேட்டு 82 கம்பனிகளுக்கு எழுதினார். ஒன்றேனும் வேலை தரவில்லை. ஈற்றில் நியூயோர்க்கிலே, பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சிப் பொறியியலாளராகச் சேர்ந்தார். அவ்வேலை சலிக்கவே, அங்கேயே ஆக்கவுரிமைப் பகுதிக்கு மாறினார்.

புதிதாக ஒன்றைக் கண்டறிந்தவரின் அனுமதியின்றி, குறித்த காலம்வரை வேறெவரும் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாதென அரசு வழங்கும் காப்பே ஆக்கவுரிமை. அதற்கான விவரணத்தை எழுதுபவருக்குப் பொறியியலும் வேண்டும், சட்டமும் வேண்டும். 1933இல் வேலையிழந்த கார்ல்சன், பின்னர் மலோரி என்னும் மின்பொருட் கம்பனியின் ஆக்கவுரிமைப் பகுதியில் அமர்ந்தார். 1936 முதல் இரவு வகுப்புகளிற் சட்டம் பயின்றார். நூல்களை வாங்கப் பணமில்லை. நூலகத்திலிருந்து பக்கம் பக்கமாகக் கையாற் பிரதிசெய்தார். தந்தையாரைப் பீடித்த மூட்டுவாதம் அவரையும் விடவில்லை. கந்தோரிலும் இதே தொல்லை: விவரணங்களின் பிரதிகள் ஒருபோதும் போதா, மீண்டும் தட்டெழுத வேண்டும், அல்லது பணஞ்செலவிட்டுப் புகைப்படம் எடுக்க வேண்டும்.

வீட்டுச் சமையலறையிற் கந்தகத்தை உருக்கிச் சோதனை செய்தார். நாற்றத்தை வீட்டார் எப்படிப் பொறுத்தனரோ! பின்னர் அஸ்டோரியாவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். 1938 ஒக்டோபர் 22ஆந் திகதி, அவரும் உதவியாளர் ஒட்டோ கோர்னேயும் கந்தகம் பூசிய நாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினர். திகதியையும் ஊர்ப்பெயரையும் மையால் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினர். ஒளிபட்ட இடங்களில் மின்னேற்றம் நீங்கியது. எழுத்தின் நிழலில் மட்டும் நின்றது. தூவிய பொடி அங்கே ஒட்டிக்கொண்டது. மெழுகுத் தாளை அழுத்தி எடுத்தபோது எழுத்துகள் அதிலே பதிந்திருந்தன.

சட்டக் கல்வி பயன்பட்டது இங்கேதான். தம் கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமை விண்ணப்பத்தைத் தாமே, பிறர் சுற்றிப்போக வழியில்லாதபடி விரிவாக எழுதினார். 1939இற் சட்டப் பட்டம் கிடைத்தது. 1942இல் 2,297,691 என்னும் இலக்கமுடைய ஆக்கவுரிமையும் கிடைத்தது. ஆனால், வாங்குவாரைக் காணோம். இருபதுக்கும் மேற்பட்ட கம்பனிகள் கைவிரித்தன. கோர்னே வேறு வேலை தேடிச் சென்றார். 1945இல் மணவாழ்வும் முறிந்தது. ஆக்கவுரிமை அலுவலாகக் கந்தோருக்கு வந்த பற்றெல் ஆய்வு நிலையத்தார் ஒருவரிடம் தம் கருத்தைச் சொல்ல, 1944இல் அந்நிலையம் அதனை ஏற்றது. பின்னர் றொச்செஸ்ரர் நகரின் ஹலொயிட் கம்பனி முன்வந்தது. அதுவே பிற்காலத்துச் செறொக்ஸ்.

1959இல் 914 என்னும் பொறி வெளிவந்தது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாள்வரை பிரதியெடுத்தமையால் அப்பெயர். அஸ்டோரியா அறைக்கும் அதற்குமிடையே இருபத்தொரு ஆண்டுகள்! பெருஞ்செல்வரான கார்ல்சன் அதிற் பெரும்பகுதியை, பெரும்பாலும் தம் பெயரை மறைத்தே, தானஞ் செய்தார். கோர்னேயையும் மறவாது, கம்பனிப் பங்குகள் நூற்றினை அவருக்கு அளித்தார். 1968 செப்டெம்பரில், நியூயோர்க்கிற் படமாளிகை ஒன்றில் அமர்ந்திருந்தபோது அவர் உயிர் பிரிந்தது.