துணியே கருவியாகும்போது

ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் பெருகிவருகின்றன. இத்தகைய ஆலைகளில் நுண்பாகங்களைக் கையாளுபவர்கள் அணியும் மேலங்கியை உற்றுப் பார்த்தால், கட்டம் கட்டமாகக் கருப்பு இழை ஓடுவது தெரியும். அது அழகுக்குப் போட்ட கட்டம் அல்ல. உடையில் சேரும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடாமல் கடத்திவிடும் கார்பன் இழை. மேலங்கி வழக்கம்போல மடிகிறது, துவைக்கவும் முடிகிறது. இழை இருப்பதே அணிந்தவருக்கு உறைப்பதில்லை. உடலைக் கண்காணிக்கும் ‘ஸ்மார்ட்’ உடைக்கும் இதுவே இலக்கணம்: துணிமேல் கருவியை ஒட்டினால் உறுத்தும்; துணியே கருவியானால் உறுத்தாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 1996-ல் தொடங்கிய ஆய்வு இந்த வழியில்தான் சென்றது. போர்வீரருக்காக அங்கே உருவாக்கிய சட்டையில் ஒளியிழையைத் துணியோடு சேர்த்தே நெய்தார்கள். குண்டு துளைத்து இழை அறுந்தால் ஒளி தடைபடும். காயம்பட்ட இடம் தெரிந்துவிடும். இதயத் துடிப்பை அறியும் உணரிகளுக்கும் துணிக்குள்ளேயே மின்கடத்தும் இழைகள் ஓடின.

ஆனால், இதயத்தின் மின்துடிப்பு தோலில் சுமார் 1 மில்லிவோல்ட் அளவே இருக்கும். மின்முனை சற்று நகர்ந்தாலும் பதிவு குழம்பிவிடும். அழுத்திப் பிடித்தால் பதிவு தெளியும், வெயிலில் உடம்பு தாங்காது. ஆகவே மார்புக்குக் கீழே மட்டும் வெள்ளி பூசிய நைலான் இழையில் இறுக்கமான பட்டை, மற்ற இடமெல்லாம் காற்றோட்டமான பருத்திப் பின்னல் என்று பிரிப்பதே விவேகம். வியர்வையும் ஓரளவு துணை செய்யும். உப்பு ஈரம் தோலுக்கும் இழைக்கும் இடையே மின்தொடர்பைக் கூட்டும்.

டைட்டன் கடிகாரம் உருவாகும் ஓசூரிலேயே, ‘கைக்கடிகாரம் போதாதா?’ என்று கேட்கலாம். நாடித்துடிப்புக்குப் போதும். ஆனால் கடிகாரத்தில் இசிஜி எடுக்க மறுகை விரலால் தொட வேண்டும். இரு கையும் வேலையில் இருப்பவருக்கு அது ஆகாது. மார்பு விரிவதை வைத்து மூச்சை அளப்பதும் பட்டைக்கே எளிது. துவைத்தால் கெடாதா? வெள்ளிப் பூச்சு நாளடைவில் தேயும் என்பது உண்மைதான். அதனால் பேட்டரியையும் சில்லையும் பிரஸ் பட்டனில் கழற்றும் சிறு பெட்டியில் வைத்து, பட்டையைத் தனியே மாற்றும்படி தைக்க வேண்டும். தொழிலாளியை வேவு பார்க்க இது உதவாதா என்ற ஐயமே எல்லாவற்றிலும் வலுவானது. அந்தப் பெட்டியைக் கழற்றும் உரிமை மேற்பார்வையாளரிடம் இருந்தால், எவ்வளவு மென்மையான பின்னலும் உறுத்தத்தான் செய்யும்.