பவளங்களின் அண்டை அயல்

வீட்டிலே கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்ப்பது மேலைநாடுகளிலும் ஜப்பானிலும் வேரூன்றிய பொழுதுபோக்கு. புதிதாக இறங்குவோர், நிறப்பொருத்தம் ஒன்றையே நோக்கிப் பவளங்களை நெருக்கி அடுக்கிவிடுவர். சின்னாட்களில் ஒன்று சதை கரைந்து வெறும் எலும்பாய் நிற்கும். நீர் கெட்டது, விளக்கு போதவில்லை என்று காரணம் தேடுவர். குற்றவாளியோ பல வேளைகளில் பக்கத்தில் இருக்கும் பவளந்தான்!

பவளம் செடியன்று, விலங்கு. அதுவும் நகர இயலாத விலங்கு. ஆகவே இடத்துக்கும் ஒளிக்கும் அண்டையாரோடு போரிட்டே தீர வேண்டியிருக்கிறது. ஜமைக்காக் கடலில் ஆராய்ந்த ஜூடித் லாங் என்னும் அம்மையார், 1971-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். சில பவளங்கள் வயிற்றிலுள்ள செரிமான இழைகளை வெளியே நீட்டி, அயலிலுள்ள பவளத்தின் சதையை அது இருந்த இடத்திலேயே செரித்துவிடுகின்றன. நாம் உண்டபின் செரிக்கிறோம். இவை செரித்தபின் உண்கின்றன போலும்! வேறு சில, கொட்டும் அணுக்கள் நிறைந்த நீண்ட இழைகளை வீசித் துழாவும். கேலக்ஸியா என்னும் இனத்தின் இழைகள் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தையும் எட்டும். பகலில் மட்டும் பார்த்து இடைவெளியை முடிவு செய்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். இரவில் கைவிளக்கோடு பார்க்க வேண்டும். நீரோட்டம் எப்பக்கம் பாய்கிறதோ அப்பக்கம் இழைகள் மேலும் நீளும் என்பதையும் மறத்தலாகாது.

அப்படியானால் எவற்றை அருகருகே வைக்கலாம்? வணிகர் சுத்தியல் பவளம் என்றும் தவளைமுட்டைப் பவளம் என்றும் அழைக்கும் இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று தீண்டினாலும் தீங்கின்றி வாழும். உருவில் அவற்றை ஒத்த தீவட்டிப் பவளமோ அவ்விரண்டையும் கொட்டி வருத்தும். வளர்ப்போர் இதனை நெடுங்காலமாக அறிவர். மூன்றையும் யூஃபில்லியா என்னும் ஒரே பேரினத்தில் வைத்திருந்த அறிஞர்கள், 2017-இல் முன்னிரண்டையும் ஃபிம்ப்ரியாஃபில்லியா என்ற தனிப் பேரினமாகப் பிரித்தனர். தொட்டிச் சண்டையில் தெரிந்த உறவுமுறையை ஏடும் ஒப்புக்கொண்டது எனலாம்.

தோல்பவளம் போன்ற மென்பவளங்களின் போர்முறை வேறு. அவை நீரில் நச்சுப் பொருள்களைக் கசியவிடும். அதற்கு இடைவெளி மட்டும் போதாது. வடிகட்டியில் கரியிட்டு, நீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

நம் நாட்டில் வாழ்வோர் இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்றை அறிதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-இல், பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. மேற்சொன்ன சுத்தியலும் தீவட்டியும் கல்பவளங்களே. விலை கொடுத்து வாங்கினேன் என்பது சட்டத்தின்முன் விடையாகாது. விடுமுறைக்கு ஊர் சென்று, இராமேசுவரம் கரையிலே ஒதுங்கிய பவளத்துண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்புவோருக்கும் இதுவே சொல்லத்தக்கது.

குஜராத்தில் குடியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. கட்சு வளைகுடாவின் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த நராராவில், கடல் வற்றும் வேளையில், வழிகாட்டியோடு கால்நடையாகவே சென்று உயிருள்ள பவளங்களை அவை பிறந்த இடத்தில் காணலாம். வற்றும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால், விசாரித்துப் புறப்படுக.